மூடாத தண்ணீர்த் தொட்டியும் நகரத்து மலேரியாவும்: ஸ்டெபென்சி கொசு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேரியா என்றதும் காடு, மலை, வயல்வெளி என்றுதான் பலருக்கு நினைப்பு ஓடுகிறது. சென்னையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அப்படி இல்லை. வடசென்னைப் பக்கம் பழைய குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஒருவருக்காவது குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்து, விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்து, வாய் கசக்கக் கசக்க மாத்திரை விழுங்கிய கதை இருக்கும். அந்த நகரத்து மலேரியாவைச் சுமக்கிற கொசுவின் பெயர் அனாபிலஸ் ஸ்டெபென்சி. நம் ஊரில் நூறு வருடத்துக்கும் மேலாகத் தெரிந்த கொசு இது. இப்போது கடல் தாண்டி ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் குடியேறிவிட்டது. அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எல்லா மலேரியாக் கொசுவும் ஒன்றுதானே? இதை மட்டும் ஏன் தனியாகப் பேச வேண்டும்?

ஒன்று இல்லை. அனாபிலஸ் என்பது ஒரு பெரிய குடும்பம். உலகம் முழுக்க 400-க்கும் மேற்பட்ட வகைகள் அதில் உண்டு. அவற்றில் சில டஜன் வகைகள்தான் மனிதனுக்கு மலேரியாவைப் பெரிய அளவில் பரப்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி இடம், தனிப் பழக்கம். இந்தியாவின் கிராமங்களில் மலேரியாவைப் பரப்புவது பெரும்பாலும் அனாபிலஸ் கியூலிசிபேசிஸ். ஆற்றுப் படுகைக் குட்டை, வாய்க்கால், வயல் என்று அதன் உலகம் வேறு. மலையடிவாரங்களில் ஓடைத் தண்ணீரில் வளர்வது புளுவியாடிலிஸ். அந்தமான் பக்கம் உப்புக் கலந்த நீரில் வளர்வது சண்டைகஸ்.

ஸ்டெபென்சி மட்டும்தான் நகரத்தைத் தன் வீடாக்கிக்கொண்டது. மொட்டை மாடித் தொட்டி, வீட்டு வாசலில் இருக்கும் சம்ப், கட்டடம் கட்டுகிற இடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டி, முற்றத்துக் கிணறு, இவைதான் அதற்குப் போதும். மற்ற மலேரியாக் கொசுக்கள் ஊர் பெருகப் பெருக ஒதுங்கிப் போகும். இது ஊர் பெருகப் பெருகத் தானும் பெருகும்.

பெயர் எங்கிருந்து வந்தது?

1901-ல் இந்திய மருத்துவப் பணியில் இருந்த லிஸ்டன் என்ற மருத்துவர் இதை விவரித்துப் பெயரிட்டார். ஸ்டீபன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஒட்டுண்ணி ஆய்வாளரின் பெயரை வைத்தார். அந்த ஸ்டீபன்ஸ்தான் பின்னால், 1922-ல், மலேரியா ஒட்டுண்ணிகளில் ஒன்றான பிளாஸ்மோடியம் ஓவேலைத் தனி இனம் என்று விவரித்தவர்.

வெறும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

வளர்ந்த கொசுவைப் பார்த்து "இது ஸ்டெபென்சி" என்று சொல்வதற்குப் பயிற்சியும் உருப்பெருக்கியும் வேண்டும். ஆனால் "இது அனாபிலஸ் வகை" என்று சொல்ல ஓரளவு பழகினால் போதும். சாதாரணக் கொசு சுவரில் உட்காரும்போது உடம்பு சுவருக்கு இணையாக, கூன் போட்ட மாதிரி இருக்கும். அனாபிலஸ் தலையைச் சுவரில் வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, ஆணி அடித்தாற்போலச் சாய்வாக நிற்கும். சிறகில் கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள் இருக்கும். டெங்குக் கொசுவின் காலில் இருக்கிற வெள்ளை வளையத்தைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். அது வேறு கொசு.

கொசுப்புழுவில்தான் வேறுபாடு பளிச்சென்று தெரியும். சில வருடங்களுக்கு முன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில், மூடி உடைந்து போன ஒரு சின்டெக்ஸ் டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடி தெரிந்தது. முதல் பார்வைக்கு ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஓரமாக மொண்டு வெயிலில் வைத்தபோது, சின்ன வைக்கோல் துணுக்கு மாதிரி ஏழெட்டு நீர்ப்பரப்பில் படுத்தபடி மிதந்தன. மற்ற கொசுக்களின் புழு தலைகீழாகத் தொங்கும். வால் நுனியில் இருக்கும் குழாயை மட்டும் மேலே நீட்டி மூச்சு விடும். அனாபிலஸ் புழுவுக்கு அந்தக் குழாய் இல்லாததால் உடம்பு முழுவதும் நீர்ப்பரப்பை ஒட்டிப் படுத்திருக்கும். உடம்பு முதுகுப்புறம் மேலாகக் கிடக்க, தலையை மட்டும் அரை வட்டம் திருப்பி நீர்ப்பரப்பில் மிதக்கிற நுண்ணுயிர்களை மேயும். கிண்ணத்தின் மேல் கை நிழல் விழுந்ததும் எல்லாம் ஒரே உதறலில் பின்பக்கமாக நழுவி அடிக்குப் போய்விட்டன. அந்தத் தண்ணீரைத்தான் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் புழங்கிக்கொண்டிருந்தார்கள்.

கொசு என்றால் சாக்கடையில்தானே வளரும்? எங்கள் தொட்டித் தண்ணீர் சுத்தமாக இருக்கிறதே?

சாக்கடையில் வளர்வது கியூலெக்ஸ். யானைக்கால் நோய்க்குக் காரணமான கொசு அது. இரவில் காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பதும் பெரும்பாலும் அதுதான். எண்ணிக்கையில் அது மிக அதிகம் என்பதால் நம் கோபம் முழுக்க அதன் மேல் போகிறது. சாக்கடை நாறுகிறது, கார்ப்பரேஷன் மருந்து அடிக்கவில்லை என்று புகார் சொல்கிறோம். புகார் நியாயமானதுதான். ஆனால் மலேரியாவுக்கு அது பதில் ஆகாது.

ஸ்டெபென்சிக்கு வேண்டியது தெளிந்த, அசையாத, நிழலான தண்ணீர். குடிக்கிற தரத்தில் இருக்கிற தண்ணீர்தான் அதற்குப் பிடித்தது. தொட்டி எவ்வளவு சுத்தமோ அவ்வளவு வசதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் உப்புத் தண்ணீரானாலும் தாங்கும். யாழ்ப்பாணத்தில் உவர் கலந்த கிணறுகளில்கூடப் புழு கிடைத்திருக்கிறது.

இதன் சொந்த ஊர் எது?

தெற்காசியா, பாரசீக வளைகுடாப் பகுதி, அரேபியத் தீபகற்பம். இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், ஈராக் எல்லாம் அதன் பழைய எல்லைக்குள் வரும். கிழக்கே மியான்மர் வழியாகத் தென் சீனா வரை பதிவுகள் உண்டு.

இந்த இனத்துக்குள்ளேயே மூன்று வடிவங்கள் சொல்வார்கள். அசல் வடிவம், இடைநிலை வடிவம், மைசூரென்சிஸ். முட்டையின் இரண்டு பக்கமும் மிதவை மாதிரி ஓர் அமைப்பு இருக்கும். அதில் இருக்கிற வரிகளை எண்ணித்தான் பிரிப்பார்கள். வரி அதிகமாக இருந்தால் அசல் வடிவம். அதுதான் நகரத்துக்காரன், நோய் பரப்புவதில் முதல் ஆள். மைசூரென்சிஸ் கிராமத்தில் மாட்டுக் கொட்டகையைச் சுற்றி வாழும், இந்தியாவில் அதனால் பெரிய தொல்லை இல்லை. ஈரான் பக்கம் அதுவும் மலேரியா பரப்புகிறது என்பதால் இந்த இலக்கணத்தை எல்லா நாட்டுக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது.

இந்தியாவின் மலேரியாவில் இதன் பங்கு எவ்வளவு?

நாட்டு அளவில் பார்த்தால் முதலிடம் கிராமத்துக் கியூலிசிபேசிஸுக்குத்தான். ஸ்டெபென்சியின் பங்கு ஏறக்குறைய 12 சதவீதம் என்பது பூச்சியியலாளர்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் கணக்கு. ஆனால் அந்த 12 சதவீதம் சென்னை, மும்பை, டெல்லி, மங்களூரு, பனாஜி மாதிரி ஊர்களில் குவிந்து கிடக்கிறது. அதனால்தான் 1971-ல் மத்திய அரசு நகர்ப்புற மலேரியாவுக்கென்று தனித் திட்டமே தொடங்கியது. அதற்கு முந்தைய ஒழிப்புத் திட்டம் வீட்டுச் சுவரில் டிடிடி என்ற பூச்சிமருந்தை அடிப்பதையே நம்பியிருந்தது. நகரத்தில் அது எடுபடவில்லை. அதனால் புழு இருக்கும் தண்ணீரைத் தேடிப் போவது என்று வழியை மாற்றினார்கள்.

இதில் மும்பைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1911-ல் பென்ட்லி என்ற மருத்துவர் பம்பாய் மலேரியாவை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். வீட்டுக்கு வீடு இருக்கிற கிணறுகள்தான் காரணம், மூடுங்கள் என்றார். கிணற்றை வழிபடுகிறவர்களும் சடங்குக்குக் கிணற்று நீரே வேண்டும் என்பவர்களும் எதிர்த்தார்கள். மூடி போட்டுச் சின்னக் கதவு வைக்கலாம் என்றெல்லாம் பேச்சு நடந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய அந்த வாக்குவாதத்தைப் படிக்கும்போது, இன்று ஓர் அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் டேங்க் மூடி யார் செலவு என்று நடக்கிற சண்டைதான் எனக்கு நினைவுக்கு வரும்.

சென்னையில் மட்டும் ஏன் இவ்வளவு நாள் நீடித்தது?

தமிழ்நாட்டில் பதிவாகிற மலேரியாவில் பெரும்பகுதி பல ஆண்டுகள் சென்னையில் இருந்துதான் வந்தது. முக்கியக் காரணம், இந்த ஊர் தண்ணீரைச் சேமித்தே வாழ்ந்த ஊர். மெட்ரோ வாட்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், வரும்போது பிடித்து வைக்க வேண்டும். கீழே ஒரு சம்ப், மேலே ஒரு டேங்க், பின்கட்டில் ஒரு கிணறு, பாத்ரூமில் ஒரு சிமென்ட் தொட்டி, போதாததற்குப் பிளாஸ்டிக் டிரம். லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை கட்டிய கோடைகளை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் கொசு குறையும் என்று நினைப்போம். இந்தக் கொசு விஷயத்தில் நேர் எதிர். பஞ்சம் அதிகமானால் பாத்திரமும் தொட்டியும் அதிகமாகும்.

அதோடு கட்டட வேலை. க்யூரிங் செய்யக் கான்கிரீட் மேல் கட்டி நிற்கவிடும் தண்ணீர், லிஃப்ட் குழியில் தேங்கும் தண்ணீர், தற்காலிகத் தொட்டி. அங்கேயே தகரக் கொட்டகையில் தூங்குகிற தொழிலாளர்கள். அவர்களில் பலர் மலேரியா அதிகமுள்ள மாநிலங்களில் இருந்து வந்தவர்கள். சிலரின் ரத்தத்தில் ஒட்டுண்ணி ஏற்கெனவே இருக்கும். கொசு, தண்ணீர், ஒட்டுண்ணி மூன்றும் ஒரே காம்பவுண்டுக்குள் வந்துவிடுகின்றன. இதைச் சொன்னால் உடனே "வெளியூர்க்காரர்கள்தான் நோயைக் கொண்டு வருகிறார்கள்" என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமே இல்லை. தொட்டியை மூடாமல் விட்டது நாம். கொசுவலை கொடுக்காமல் தகரக் கொட்டகையில் படுக்க வைத்ததும் நாம்தான்.

சென்னையில் கடந்த சில ஆண்டுகளில் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருக்கிறது. வீடு வீடாக ஏறி இறங்கி டேங்கைத் திறந்து பார்க்கிற கொசு ஒழிப்புப் பணியாளர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அவர்கள் மணி அடித்தால் "அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பாதீர்கள். ஆனால் கொசு எங்கேயும் போய்விடவில்லை, ஒட்டுண்ணி குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆப்பிரிக்காவுக்கு இது எப்படிப் போனது?

2012-ல் செங்கடல் வாயிலில் இருக்கும் ஜிபூட்டி என்ற சின்ன நாட்டில் முதலில் கண்டார்கள். துறைமுக நாடு. கப்பல் சரக்கோடு வந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான கருத்து. அங்கே மலேரியா கிட்டத்தட்ட ஒழிந்துவிட்ட நிலையில் இருந்தது. 2012-ல் பதிவானது வெறும் 27 பேருக்கு. 2020-ல் 73,000-த்தைத் தாண்டியது. மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய பத்து லட்சம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஏற்றம் முழுவதையும் இந்தக் கொசுவின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. மக்கள் இடப்பெயர்வு, கட்டுப்பாட்டுப் பணியில் தொய்வு எல்லாம் சேர்ந்தவை. ஆனால் இந்தக் கொசு வராமல் இருந்தால் ஒரு நகரத்துக்குள் இப்படி ஏறியிருக்காது.

பிறகு 2016-ல் எத்தியோப்பியா, சூடான். 2019-ல் சோமாலியா. 2020-ல் நைஜீரியா. 2022-ல் கென்யாவும் கானாவும். செங்கடலுக்கு அந்தப் பக்கம் ஏமனிலும் 2021-ல் கண்டார்கள். இவை எல்லாம் கண்டுபிடித்த ஆண்டுகள். கொசு அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கலாம். தேடாத இடத்தில் எதுவும் கிடைக்காது அல்லவா.

அங்கே ஏற்கெனவே மலேரியா தலைவிரித்தாடுகிறதே, புதுசாக ஒரு கொசு வந்தால் என்ன?

இந்தக் கேள்விதான் இருப்பதிலேயே முக்கியமானது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் உலகில் சுமார் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது. சுமார் 5.97 லட்சம் பேர் இறந்தார்கள். இறப்பில் 95 சதவீதம் ஆப்பிரிக்காவில், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஆனால் இதுவரை அது பெரும்பாலும் கிராமத்து நோய், மழைக்கால நோய். அங்குள்ள பழைய கொசுவான காம்பியேவுக்கு மழை பெய்து தேங்கும் வெயில்பட்ட குட்டைதான் பிடிக்கும். நகரத்தில் தார்ச்சாலையும் கட்டடமும் வந்தால் அதற்கு இடம் குறையும். மழை நின்றால் நோயும் தணியும். ஆப்பிரிக்காவின் சுகாதாரத் துறைகள் அந்த இடைவெளியை நம்பித்தான் திட்டம் போட்டன.

ஸ்டெபென்சி அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது. கோடையிலும் தொட்டியில் தண்ணீர் இருக்கும், நகரத்தில் தொட்டி இருக்கும். எத்தியோப்பியாவில் டிரே டாவா என்ற நகரத்தில் 2022-ல் வறண்ட மாதங்களில் மலேரியா வெடித்தது. ஆராய்ந்து பார்த்தபோது நோயாளிகளின் வீட்டருகே இந்தக் கொசுவையும், கொசுவுக்குள் ஒட்டுண்ணியையும் கண்டார்கள். ஆப்பிரிக்க நகரங்களில் இது பரவினால் கூடுதலாக 12.6 கோடிப் பேர் ஆபத்துக்குள் வருவார்கள் என்று 2020-ல் ஓர் ஆய்வு கணித்தது. அதற்குப் பிறகு, 2022 செப்டம்பரில், இதன் பரவலைத் தடுக்கவென்றே உலக சுகாதார நிறுவனம் ஆப்பிரிக்காவுக்குத் தனி முயற்சியைத் தொடங்கியது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நகரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, கிராமத்தில் திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்டவர்களுக்கு இருக்கிற அந்த ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்காது. அவர்களில் பெரியவர்களும் கடுமையாக நோயில் விழுவார்கள்.

இலங்கை மலேரியா இல்லாத நாடு என்றார்களே, அங்கும் இருக்கிறதா?

மலேரியா இல்லை, கொசு இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

இலங்கை இந்த நோயால் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1934-35 கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். பிறகு டிடிடி வந்து, 1963-ல் நாடு முழுக்க 17 பேருக்குத்தான் நோய் என்ற அளவுக்குக் குறைந்தது. ஒழிந்தது என்று நினைத்துக் கையை எடுத்தார்கள், 1960-களின் கடைசியில் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. அப்புறம் போர்க்காலத்தையும் தாண்டி விடாமல் வேலை பார்த்து, 2012-க்குப் பின் உள்ளூர்த் தொற்றே இல்லை என்ற நிலைக்கு வந்தார்கள். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று கொடுத்தது.

அதே 2016-ன் கடைசியில் மன்னார்த் தீவில் ஒரு கிணற்றில் ஸ்டெபென்சி கிடைத்தது. இலங்கையில் அதற்கு முன் அது பதிவானதில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான் கடல். பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பூச்சியியலாளர்கள் இதைப் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்து எழுதிவருகிறார்கள். வீட்டுக்கு ஒரு கிணறு என்பது யாழ்ப்பாணத்தின் வாழ்க்கை முறை. இலங்கையின் பழைய மலேரியா, கோடையில் ஆறு வற்றி மணலில் தேங்கும் குழிகளில் வளர்கிற கியூலிசிபேசிஸால் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது? கிணற்றில் வளரும் இந்தக் கொசுவுக்கு ஆறு வேண்டியதில்லை.

எனவே இன்று இலங்கை காக்கிற எல்லை ஒட்டுண்ணியின் எல்லை. இந்தியாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ வருகிறவர் ரத்தத்தில் மலேரியா இருந்தால் உடனே கண்டுபிடித்துக் குணமாக்கிவிட வேண்டும். ராமேஸ்வரத்துக்கோ சென்னைக்கோ வந்துவிட்டு வடமாகாணம் திரும்பியவர்கள், சில வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் "நான் இந்தியா போய் வந்தேன்" என்று சொல்ல வேண்டும். இப்போது அங்கே இளம் டாக்டர்கள் பலர் மலேரியா நோயாளியை நேரில் பார்த்ததே இல்லை. நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தோன்றும்.

இந்தக் கொசு கடித்தாலே மலேரியா வந்துவிடுமா?

வராது. முதலில் அது மலேரியா உள்ள ஒருவரைக் கடித்திருக்க வேண்டும். பெண் கொசு மட்டும்தான் ரத்தம் குடிக்கும். குடித்த ரத்தத்தோடு போன ஒட்டுண்ணி அதன் குடல் சுவரில் வளர்ந்து, பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வர ஏறக்குறைய 8 முதல் 12 நாள் ஆகும். வெயில் காலத்தில் சீக்கிரம், குளிரில் தாமதம். அதுவரை கொசு உயிரோடு இருந்தால்தான் அடுத்தவருக்குப் பரப்பும். பெரும்பாலான கொசுக்கள் அதற்குள் செத்துவிடும். ஆனால் ஒரு காம்பவுண்டில் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, தப்பிப் பிழைக்கும் சிலவே போதும்.

எப்போது கடிக்கும்?

பொழுது சாய்ந்த பிறகு. முன்னிரவில் அதிகம். நாம் இன்னும் படுக்கப் போகாமல் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிற நேரம் அது. மொட்டை மாடியில் தூங்கினால் இன்னும் வசதி, தொட்டி பக்கத்திலேயே இருக்கிறது. பகலில் கடித்தால் அது டெங்குக் கொசுவாக இருக்கும்.

ஒருமுறை குணமாகியும் சில மாதம் கழித்து மறுபடி வருகிறதே, ஏன்?

சென்னையில் வருகிற மலேரியாவில் பெரும்பாலானது வைவாக்ஸ் வகை. அதன் ஒட்டுண்ணியில் ஒரு பகுதி ஈரலுக்குள் போய்த் தூங்கும். ரத்தத்தில் இருப்பதைக் குளோரோகுயின் மூன்று நாளில் தீர்த்துவிடும், காய்ச்சல் விட்டுவிடும். ஈரலில் தூங்குவதை அது தொடாது. சில வாரத்திலோ பல மாதம் கழித்தோ அது விழித்துக்கொண்டு, கொசுவே கடிக்காமல் மறுபடி காய்ச்சல் வரும்.

அதற்குத்தான் பிரைமாகுயின் மாத்திரை 14 நாள் தருகிறார்கள். நான்காம் நாள் காய்ச்சல் நின்றதும் பலர் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி ஒரே வருடத்தில் மூன்றுமுறை படுத்தார். தயவுசெய்து 14 நாளும் சாப்பிடுங்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் மீதம் வைத்த மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மருந்து ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கொடுக்கக் கூடாது. சாப்பிடும்போது சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பால்சிபாரம் என்ற இன்னொரு வகையையும் இதே கொசு பரப்பும். அது மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரை எடுக்கக்கூடியது. அதற்கு மருந்து வேறு. எந்த வகை என்று ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

புகை அடித்தால் போதாதா?

போதாது. புகை அந்த நேரம் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும் கொல்லும். தொட்டிக்குள் இருக்கும் புழு மறுநாளோ அதற்கு மறுநாளோ சிறகு முளைத்து வெளியே வரும். நோய் வெடித்த இடத்தில் உடனடித் தணிப்புக்குப் புகை உதவும், அதைத் தாண்டி எதிர்பார்க்காதீர்கள். மேலும் இந்தக் கொசுவுக்கு மருந்து பழகிவிட்டது. டிடிடி, மாலத்தியான், இப்போது கொசுவலைகளில் பூசுகிற பைரித்ராய்டு வரை பல மருந்துகளுக்கு எதிர்ப்பு இந்தியாவிலும் எத்தியோப்பியாவிலும் இலங்கையிலும் பதிவாகியிருக்கிறது.

சரி, வீட்டில் என்னதான் செய்வது?

தொட்டியை மூடுங்கள். கேட்க எளிது, செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். பிளாஸ்டிக் மூடி வெயிலில் வளைந்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல். பைப் நுழைகிற ஓட்டை பைப்பைவிடப் பெரிதாக இருக்கும். வழிந்தோடும் குழாயின் வாய் திறந்தே இருக்கும், அதைப் பற்றி யாருமே யோசிப்பதில்லை. கொசு உள்ளே போக விரல் நுழைகிற இடைவெளி தாராளம். ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடையுங்கள், குழாயின் வாயில் நைலான் வலை கட்டுங்கள், உடைந்த மூடியை மாற்றுங்கள். சம்ப்பின் இரும்பு மூடி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் அதையும்.

மூட முடியாத தொட்டியையும் டிரம்மையும் வாரம் ஒருமுறை முழுக்கக் காலி செய்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிட்டு நிரப்புங்கள். முட்டை கொசுவாக வெயில் காலத்தில் ஏழு முதல் பத்து நாள்தான் ஆகும். அதனால்தான் வாரக் கணக்கு.

கிணற்றை எப்படிக் காலி செய்ய முடியும்?

முடியாது. கிணற்றுக்கு மேலே நெருக்கமான வலை போட்டு ஓரங்களை இறுக்கலாம். இல்லையென்றால் மீன் விடலாம். கம்பூசியா, கப்பி இரண்டும் கொசுப்புழு தின்னும். கப்பி வளர்க்க எளிது, கொஞ்சம் அழுக்குத் தண்ணீரும் தாங்கும். ஆனால் இந்த மீன்களை ஏரியிலும் குளத்திலும் கொண்டுபோய் விடாதீர்கள். இரண்டுமே வெளிநாட்டு மீன்கள், கம்பூசியா நம் ஊர்ச் சின்ன மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் அழித்துவிடும். கிணற்றுக்குள்ளும் தொட்டிக்குள்ளும் மட்டும்.

பணியாளர்கள் ஊற்றும் அபேட் என்ற கொசுப்புழு மருந்தைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். டெமிபாஸ் என்பது அதன் மருந்துப் பெயர். பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு என்ற அளவுக்குள் குடிநீரிலும் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருக்கிறது. அளவறிந்து அவர்கள் ஊற்றட்டும், நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள்.

மரபணு மாற்றிய கொசு வரப்போகிறது என்கிறார்களே?

ஆய்வகத்தில் எளிதாக வளரும் அனாபிலஸ்களில் ஸ்டெபென்சியும் ஒன்று. அதனால் உலகம் முழுக்க மலேரியா ஆராய்ச்சிக்கு இதை அதிகம் பயன்படுத்துகிறார்கள். 2014-ல் இதன் மரபணு வரைபடம் வெளியானது. 2015-ல் கலிபோர்னியா ஆய்வாளர்கள், ஒட்டுண்ணியை எதிர்க்கும் மரபணுவைச் சந்ததி முழுக்கக் கடத்துகிற கொசுவை ஆய்வகக் கூண்டுக்குள் உருவாக்கிக் காட்டினார்கள். நல்ல அறிவியல். ஆனால் அது உங்கள் மொட்டை மாடிக்கு வரும்வரை டேங்க் மூடிக்கு விடுமுறை விட முடியாது.

காய்ச்சல் வந்தால் எத்தனை நாள் பார்க்கலாம்?

பார்க்கவே வேண்டாம். குளிர், நடுக்கம், பிறகு கொதிக்கிற காய்ச்சல், பிறகு வியர்த்துக் கொட்டி விடுவது, ஒருநாள் விட்டு ஒருநாள் இதே மாதிரி என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். ஆரம்பத்தில் பலருக்கு அப்படி ஒழுங்காக வருவதில்லை. வெறும் தலைவலி, உடம்புவலி, தினமும் காய்ச்சல் என்றும் வரும். எந்தக் காய்ச்சலானாலும் முதல் நாளே ரத்தம் பார்த்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாநகராட்சி சுகாதார நிலையத்திலும் இலவசம், மாத்திரையும் இலவசம். முதல் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் காய்ச்சல் தொடர்ந்தால் மறுபடி பாருங்கள், ஒருமுறை பார்த்துத் தெரியாமல் போவது உண்டு.

முடிவு வருவதற்குள்ளேயே ஒரு வேலை செய்யலாம். வைவாக்ஸில், காய்ச்சல் தொடங்கும் நேரத்திலேயே கொசுவுக்குத் தொற்றக்கூடிய ஒட்டுண்ணி ரத்தத்தில் வந்துவிடும். அன்று இரவே நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்க வைத்து, வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். மொட்டை மாடித் தொட்டியில் அன்று பிறந்த கொசுவுக்கு அவர் ரத்தம் கிடைக்கக் கூடாது.